உளவியல் நிபுணராக முதுநிலைப் படிப்பு: சிங்கப்பூரிலிருந்து எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்

உளவியலில் இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். முதுநிலைப் பட்டம் முடித்தும் ஆக முடியாமல் போகலாம் என்பது, கட்டணம் கட்டி முடித்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. தலைப்பில் ‘சைக்காலஜி’ என்று போட்டுக்கொண்டு வரும் முதுநிலைப் படிப்புகள் ஏராளம். மாணவரை ஒரு நோயாளியின் எதிரே உட்கார வைத்து, தகுதிபெற்ற மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் தொழில் பழக்குபவை மிகச் சில. இந்த மதிப்பீடு அந்த ஓர் அளவுகோலைத்தான் முன்வைக்கிறது: மேற்பார்வையுடன் எத்தனை மணிநேரக் களப்பயிற்சி, அதற்கு யாருடைய அங்கீகாரம். வளாகம், தரவரிசை, பாடத்திட்டக் கையேடு எல்லாம் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

சட்ட நிலவரத்தை முதலில் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் 2011-ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில் சட்டம், இயன்முறைச் சிகிச்சையாளர், செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோருக்குக் கட்டாயப் பதிவைக் கொண்டுவந்தது. உளவியலாளர்கள் அப்போது அதில் சேர்க்கப்படவில்லை. 1979-ல் தொடங்கிய சிங்கப்பூர் உளவியல் சங்கம் நடத்தும் பதிவேட்டில் சேர்வது அவரவர் விருப்பம். இந்த நிலை மாறப்போகிறது. உளவியலாளர்களையும் அதே சட்டத்தின்கீழ் கொண்டுவரும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2025-ல் அறிவித்தது. எனவே இன்று படிப்பைத் தேர்ந்தெடுப்பவர், பட்டம் பெறும் நாளில் கட்டாயப் பதிவு நடைமுறையில் இருக்கும் என்று எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இங்கே யார் வேண்டுமானாலும் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்டலாம்’ என்ற பழைய பேச்சை நம்பி மலிவான படிப்பில் இறங்குவது ஆபத்து.

நான்காம் ஆண்டு என்னும் தடை

விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் தொழில்முறை முதுநிலைப் படிப்புக்கு அடிப்படைத் தகுதி, நான்கு ஆண்டு உளவியல் கல்வி. அதாவது ஹானர்ஸ், அல்லது அதற்கு ஈடான நான்காம் ஆண்டுப் பட்டயம். அந்த ஆண்டில் சுயமாகச் செய்த ஆய்வேடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தனியார் கல்வி நிலையங்கள் வழியாக மூன்றாண்டு வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இங்கே நின்றுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் பட்டங்களில் ‘ஹானர்ஸ்’ என்ற சொல் மூன்றாம் ஆண்டிலேயே வந்துவிடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆஸ்திரேலிய முறையில் அது நான்காம் ஆண்டுக்கு ஈடாகுமா என்பதை ஆஸ்திரேலிய உளவியல் சங்கத்தின் தகுதி மதிப்பீடுதான் முடிவு செய்யும். மதிப்பீட்டுக்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டமும் கேட்பார்கள். பத்தாண்டுக்கு முன் படித்தவர்கள் அந்தத் தாள்களைத் தேடி எடுப்பதற்குள் விண்ணப்ப நாள் கடந்துபோவது வழக்கம். இளநிலை முடிக்கும்போதே எல்லாப் பாடத்திட்டங்களையும் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டு படிகள் உண்டு. முதலாவது, மூன்றாண்டு உளவியல் பாடங்களைச் சுருக்கித் தரும் பட்டதாரிப் பட்டயம். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் இதை நேரடி வகுப்பாக நடத்துகிறது. மொனாஷ் பல்கலைக்கழகம் பத்துப் பாடங்களாக இணையவழி தருகிறது. இரண்டாவது, அதற்குமேல் நான்காம் ஆண்டுக்கு ஈடான உயர்நிலைப் பட்டயம். இரண்டும் முடிந்த பிறகே முதுநிலை. பொறியியல் படித்த ஒருவர் இப்பாதையில் வந்தால், மொத்தம் நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். ‘கன்வெர்ஷன்’ படிப்பை முடித்தாலே போதும் என்று விளம்பரத்தைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது.

உள்ளூரில் இருப்பவை

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்பு, முழுநேரமாக இரண்டு ஆண்டு. பொது மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்ற தெளிவான நோக்கம் உள்ளவருக்கு இதுவே முதல் தேர்வு. அதன் பட்டதாரிகள் மனநலக் கழகம், கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பழகிய முகங்கள். களப்பயிற்சியும் அத்தகைய இடங்களிலேயே நடக்கிறது. குறை என்றால், இடங்கள் மிகக் குறைவு. மதிப்பெண்ணும் ஆய்வேடும் வாசல்வரைதான் கொண்டுசெல்லும். நேர்காணலில் எடைபோடப்படுவது வேறு. கடினமான செய்தியைக் கேட்கும்போது பதறாமல் இருக்கிறாரா, தன் எல்லை எது என்று சொல்லத் தெரிகிறதா, குறை சுட்டிக்காட்டினால் ஏற்றுக்கொள்கிறாரா என்று பார்ப்பார்கள். இரண்டாண்டு ‘அசோசியேட் சைக்காலஜிஸ்ட்’ (தகுதிபெற்ற உளவியலாளரின்கீழ் உதவி நிலை) வேலையோ, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான தொடக்கநிலை மையத்தில் அனுபவமோ இருந்தால் அந்தப் பதில்கள் மனப்பாடமாக ஒலிக்காது. இளநிலை முடித்த கையோடு விண்ணப்பிப்பவர்களைவிட இவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதே எங்கள் கணிப்பு.

சிம்ஸ் டிரைவில் உள்ள ஜேம்ஸ் குக் வளாகத்தின் மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்புக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: ஆஸ்திரேலிய உளவியல் கல்வி அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம். அதாவது, சிங்கப்பூரில் படித்தபடியே ஆஸ்திரேலியப் பதிவுக்கு வழி திறந்திருக்கிறது. அந்த மன்றத்தின் 2019 தர விதிகளின்படி, அடிப்படைத் தொழில்திறனுக்குக் குறைந்தது 300 மணிநேரக் களப்பயிற்சி, சிறப்புத் துறைத் திறனுக்கு மேலும் 700 மணிநேரம், ஆக மொத்தம் 1,000. வளாகத்திலேயே பொதுமக்களுக்கான உளவியல் சிகிச்சை நிலையம் இருக்கிறது. மாணவர்கள் முதலில் அங்கே பழகி, பிறகு வெளி இடங்களுக்குப் போகிறார்கள். முதல் நோயாளியைச் சந்திக்கும்போது மேற்பார்வையாளர் பக்கத்து அறையில் இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கட்டணம் அதிகம். ஆனாலும் ஒரு நாள் வெளிநாட்டில் பணிபுரியும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், இந்த அங்கீகாரத்துக்குக் கொடுக்கும் விலை நியாயமானது.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகம் தரும் பயன்பாட்டு உளவியல் முதுகலைப் படிப்பில் கல்வி உளவியல், ஆலோசனை உளவியல் என இரண்டு பிரிவுகள். பள்ளிப் பிள்ளைகளுடன் வேலை செய்ய விரும்புபவர் மருத்துவ உளவியல் பக்கம் போய் நெருக்கியடிக்கத் தேவையில்லை, இங்கேயே போகலாம். கற்றல் குறைபாட்டை மதிப்பிடுதல், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் புரியும்படி அறிக்கை எழுதுதல், வகுப்பறையில் என்ன மாற்றம் செய்யலாம் என்று பரிந்துரைத்தல் ஆகியவைதான் கல்வி உளவியலாளரின் அன்றாட வேலை. தமிழ்ப் பெற்றோர் பலர் பிள்ளையின் வாசிப்புச் சிக்கலுக்குத் துணைப்பாட ஆசிரியரை மாற்றிக்கொண்டே இருக்கும் ஊரில், இந்த வேலையின் தேவையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலோசனை முதுநிலைப் படிப்புகள், அதாவது ‘மாஸ்டர் ஆஃப் கவுன்சலிங்’ வகை, வேறு பாதை. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் அத்தகைய படிப்பு உண்டு. அது நல்ல தொழில்; குடும்பச் சேவை நிலையங்களில் மிகவும் தேவைப்படுவதும்கூட. ஆனால் அது சிங்கப்பூர் ஆலோசகர் சங்கத்தின் பதிவை நோக்கியது. நுண்ணறிவுச் சோதனை நடத்தி அறிக்கை தரும் உளவியலாளர் வேலைக்கு அது கொண்டுசெல்லாது. மாலைநேர வகுப்பு, எந்தத் துறைப் பட்டமும் போதும் என்ற வசதிகளைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, பிறகு மருத்துவமனை விளம்பரங்களைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. சேரும் முன்பே எந்த வேலை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால் இந்த ஏமாற்றம் வராது.

மருந்து எழுதும் அதிகாரம் வேண்டும் என்பவருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. மனநல மருத்துவராக முதலில் மருத்துவப் பட்டம் வேண்டும்.

கடல் கடந்தால்

ஆஸ்திரேலியாவின் பலம், சிறப்புத் துறைகளின் விரிவு. அங்கே உளவியல் வாரியம் ஒன்பது துறைகளுக்குத் தனி அங்கீகாரம் தருகிறது: மருத்துவம், மருத்துவ நரம்பியல், ஆலோசனை, கல்வி மற்றும் வளர்ச்சி, தடயவியல், உடல்நலம், நிறுவனம், விளையாட்டு, சமூகம். மூளைக் காயம், மறதிநோய் ஆகியவற்றை மதிப்பிடும் நரம்பியல் உளவியலோ, சிறைத்துறையும் நீதிமன்றமும் நாடும் தடயவியல் உளவியலோ விரும்பினால் அங்கே போவதே சரி. முதுநிலை முடிந்தவுடன் சிறப்புத் துறை அங்கீகாரம் கையில் வந்துவிடாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதன்பின் முழுநேரமாக 88 வாரம், மேற்பார்வையின்கீழ்ப் பதிவுப் பயிற்சி இருக்கிறது. சிங்கப்பூருக்குத் திரும்ப நினைப்பவர்கள் இதை முடித்துவிட்டு வருவதா, முடிக்காமல் வருவதா என்பதில் தடுமாறுவார்கள். நரம்பியல், தடயவியல் துறைகளுக்கு முடித்துவிட்டு வருவதே நல்லது. அத்துறைகளில் இங்கே மேற்பார்வையாளர் கிடைப்பது கடினம்.

பிரிட்டனில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஓராண்டு ‘எம்எஸ்சி கிளினிக்கல் சைக்காலஜி’ என்ற பெயரில் பல படிப்புகள் விற்கப்படுகின்றன. அவை கல்விசார் படிப்புகள். அவற்றை முடித்தவர் அங்கேயும் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. அங்கே அந்தப் பட்டப்பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முனைவர் பயிற்சி முடித்து, சுகாதாரத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிய வேண்டும். அந்தப் பயிற்சியின் இடங்களுக்கு அரசுச் சுகாதாரச் சேவை பணம் தருவதால், அவை பெரும்பாலும் உள்நாட்டு மாணவர்களுக்கே. சொந்தச் செலவில் வெளிநாட்டினரைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு, ஆனால் செலவு மிகப் பெரியது. ஓராண்டு எம்எஸ்சி முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டோம். ஆய்வுத் திறனுக்கு உதவும். அதை நுழைவுச்சீட்டு என்று நினைத்துப் பெற்றோரின் சேமிப்பைச் செலவழிப்பதுதான் வருத்தம் தருகிறது.

அமெரிக்காவில் தொழிலுக்கு முனைவர் பட்டமே நுழைவு. ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், அதில் ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி. பிஎச்டி என்றால் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும், போட்டியும் அதற்கேற்பக் கடுமை. சைடி (PsyD) என்று அழைக்கப்படும் தொழில்முறை முனைவர் பட்டத்துக்குக் கைப்பணம்தான். ஆராய்ச்சியில் உண்மையான ஈடுபாடு இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இந்தியா பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே மருத்துவ உளவியலுக்கு அடையாளமாக இருந்தது, இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த இரண்டாண்டு எம்ஃபில். பெங்களூரின் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் படித்தவர்களின் கைத்திறனை எங்கும் மதிக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கையும் வகையும் அப்படி. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு எம்ஃபில் பட்டங்களை நிறுத்தியபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் 2025-26 கல்வியாண்டு வரைதான் விலக்கு நீட்டித்தது. இனிப் போக நினைப்பவர், சேரப்போகும் படிப்பின் பெயரையும் மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரத்தையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அஞ்சல்வழி எம்எஸ்சி உளவியல் வேறு. கட்டணம் குறைவு என்பதைத் தவிர அதில் இந்தத் தொழிலுக்கு ஒன்றும் இல்லை. மேற்பார்வைப் பயிற்சி இல்லாத பட்டத்தை இங்கே பதிவுக்குக் காட்ட முடியாது.

இரண்டு ஆண்டுக்குள் எங்கே சறுக்குகிறது

மேலே சொன்ன 1,000 மணிநேரக் களப்பயிற்சியை வார நாளாக மாற்றிப் பாருங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் என்றால் ஏறக்குறைய 42 வாரம். அதன்மேல் வகுப்பு, ஆய்வேடு. முழுநேர வேலையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

மணிநேரக் கணக்கு வைப்பதில் பலர் கவனமாக இல்லை. நோயாளியுடன் நேரடியாகச் செலவழித்த நேரம், மேற்பார்வை நேரம், அறிக்கை எழுதிய நேரம், பிறர் அமர்வைப் பார்த்த நேரம் எல்லாம் பதிவேட்டில் தனித்தனியே வர வேண்டும். பார்த்ததை நடத்தியதாக எழுதினால் தணிக்கையில் வெட்டப்படும். வாரந்தோறும் கையெழுத்து வாங்காமல் பருவ முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டு வைத்தால், மேற்பார்வையாளர் வேலை மாறிப் போனதும் அந்த மணிநேரங்கள் தொங்கலில் நிற்கும். எல்லாப் பயிற்சியும் பிள்ளைகளிடமே அமைந்துவிட்டால், பெரியவர்களுக்கான வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேள்வி எழும். குறைந்தது ஓரிடமாவது கடுமையான மனநோய் உள்ள பெரியவர்களைப் பார்க்கும் இடமாக இருக்கட்டும்.

உளவியல் சோதனைகளை நடத்துவதில் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில். வெக்ஸ்லர் சிறார் நுண்ணறிவுச் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை. பிறந்த தேதியைக் கழிக்கும்போது ஒரு மாதம் பிசகினால்கூட வேறு வயது அட்டவணைக்குப் போய், மதிப்பெண் முழுவதும் மாறிவிடலாம். தொடர்ந்து இத்தனை கேள்வி தவறினால் நிறுத்து என்ற விதியை மறந்து சோதனையை நீட்டுவதும், தெளிவில்லாத பதிலைத் திருப்பிக் கேட்காமல் விடுவதும் அடிக்கடி நடப்பவை. நல்ல படிப்பு என்றால், மாணவர் நடத்திய சோதனையின் காணொளியை மேற்பார்வையாளர் வரிவரியாகப் பார்த்துத் திருத்துவார். வளாகத்தைப் பார்க்கப் போகும்போது இதைக் கேளுங்கள். ‘அறிக்கையை மட்டும் படித்துத் திருத்துவோம்’ என்றால் அது குறைதான்.

தமிழ் பேசும் நோயாளிகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. வீட்டில் தமிழ் மட்டும் பேசும் மூத்தவருக்கு, ஆங்கிலச் சோதனையின் சொல்வளப் பகுதியை மொழிபெயர்ப்பாளர் வழியாக நடத்தி எண் போடுவது செல்லாது. நினைவாற்றல், சிந்தனைத் திறன் குறைவைப் பார்க்கும் மாண்ட்ரியால் அறிதிறன் சோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. ஆனால் அது சந்தேகத்தை எழுப்பும் முதற்கட்டச் சல்லடை மட்டுமே, நோயறிதல் ஆகாது. தமிழில் நடத்திய அமர்வைத் தமிழ் தெரியாத மேற்பார்வையாளருக்குக் காட்ட, பேச்சை எழுதி, மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு மணிநேர அமர்வுக்கு அந்த வேலை பல மணிநேரம் எடுக்கும். தமிழில் சிகிச்சை தரக்கூடிய உளவியலாளர்கள் நமக்கு மிகவும் தேவை. எனவே தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் இருக்கும் பயிற்சி இடம் கிடைக்குமா என்று முதல் பருவத்திலேயே கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் யாரும் அதைத் தானாக ஏற்பாடு செய்ய மாட்டார்கள்.

ஆய்வேட்டில் தாமதத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மருத்துவமனை நோயாளிகளைப் புதிதாகச் சேர்க்கும் திட்டம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். அதன்பின்தான் ஆள் சேர்ப்பு. இரண்டாண்டுப் படிப்புக்கு, மேற்பார்வையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் தரவைக் கொண்டு ஒரு தெளிவான கேள்விக்கு விடை தேடுவதே பாதுகாப்பு.

பணம்

விளம்பரக் கட்டணத்தில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாடம் ஒன்றில் தவறி மறுபடி எடுத்தால் முழுப் பாடக் கட்டணம் மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். களப்பயிற்சிப் பாடத்தில் தவறினால், அடுத்த இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் காலமும் சேர்த்து வீட்டுச் செலவு ஓடும். மத்திய சேமநிதிக் கல்வித் திட்டம் முதுநிலைப் படிப்புக்குக் கிடையாது. பெற்றோரின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். பொது மருத்துவமனையில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள், பொதுச் சுகாதார நிறுவனங்களின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் வழங்கும் பட்டமேற்படிப்பு உதவித்தொகையை விசாரிக்கலாம். அதில் கட்டுப்பாட்டு ஆண்டுகள் (படித்த பின் கட்டாயமாக அங்கே பணிபுரிய வேண்டிய காலம்) உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலையும் மேற்பார்வையும் உறுதியாகிவிடுவதால், புதிய பட்டதாரிக்கு அந்தக் கட்டுப்பாட்டைச் சுமையாகப் பார்க்கத் தேவையில்லை.

தனியார் கல்வி நிலையத்தில் சேர்ந்தால், மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாள் விலகல் அவகாசம் இருக்கிறது. அந்த ஏழு நாளுக்குள் அங்கீகார மன்றத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பு இதே பெயரில், இதே வளாகத்துக்கு, இந்த ஆண்டுக்குப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் கிளை வளாகத்துக்குத் தானாக வந்துவிடாது. சேர்க்கை அலுவலர் வாயால் சொல்வது போதாது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவகாசம் முடியும் முன் எழுத்து மூலம் விலகிவிடுங்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.